50 லட்சம் சீட்டு, 159 கவுண்டி: ஜார்ஜியா கைத்தணிக்கையில் பலகைகளும் லேபிள்களும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், டெகால்ப் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). அதிபர் தேர்தலின் வாக்குச்சீட்டுகளைக் கையால் எண்ணி முடிவைச் சரிபார்க்க 2020 நவம்பரில் நடந்த கைத்தணிக்கையின் கடைசிக் கட்டம். ஒரு வாக்குச்சீட்டுக் கட்டுக்கான எண்ணிக்கைத் தாளில் பைடனுக்கு 10,707, ட்ரம்புக்கு 13 என்று இருந்தது. அந்தக் கட்டில் உண்மையில் இருந்தவை பைடனுக்கு 1,081, ட்ரம்புக்கு 13. ஒரே தாளில் 9,626 வாக்கு கூடிவிட்டது. மாநிலம் முழுவதற்குமான வெற்றி வித்தியாசமே அப்போது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்தான். தவறைக் கண்டுபிடித்தவர் தங்கள் கட்சிப் பார்வையாளர் என்று குடியரசுக் கட்சியின் மாநிலத் தலைவர் டேவிட் ஷேஃபர் அறிவித்தார். கணக்கு திருத்தப்பட்டது.

எண் எழுதும்போது கை தவறுவது எந்த எண்ணும் அறையிலும் நடக்கக்கூடியது. நாள் முழுக்கக் காகிதம் புரட்டியவரிடம் நூறு சதவீதம் எதிர்பார்க்க முடியாது. கவனிக்க வேண்டியது, அந்தத் தவறு வெளியாள் ஒருவரின் கண்ணில் படும் இடத்தில் இருந்ததா என்பதைத்தான். டெகால்பில் இருந்தது. இந்தக் கட்டுக்கு இத்தனை வாக்கு என்று கட்டின் பெயரோடு சேர்த்து எண் எழுதியிருந்தது, ஒருவர் படித்தார், இவ்வளவு சீட்டு இந்தக் கட்டில் எப்படி வரும் என்று கேட்டார்.

தணிக்கை அறையில் பலகை வைப்பதை ஏதோ கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலையாக, பந்தல்காரரிடம் ஒப்படைக்கும் வேலையாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே வேலை செய்பவருக்கு இரண்டாவது மணி நேரத்திலேயே எந்த மேஜை எங்கே என்று மனப்பாடமாகிவிடும். அவருக்குப் பலகை தேவையில்லை. வெளியே நின்று சந்தேகத்தோடு பார்ப்பவருக்குத்தான் அது தேவை. ஜார்ஜியாவை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் எது வேலை செய்தது, எது சறுக்கியது என்பது தெளிவாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும் ஏன் எண்ணினார்கள்

2019-ல் இயற்றிய சட்டத்தின் வழியாக ஜார்ஜியா பழைய தொடுதிரை எந்திரங்களைக் கைவிட்டு, வாக்காளரின் தேர்வைக் காகிதத்தில் அச்சிடும் முறைக்கு வந்தது. தேர்தலுக்குப் பிந்தைய தணிக்கையையும் அதே சட்டம் கொண்டுவந்தது. இந்த வகைத் தணிக்கையின் கணக்கை வகுத்தவர் பெர்க்லி பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் பிலிப் ஸ்டார்க். அறிவித்த முடிவு தவறாக இருந்தால் அதைப் பிடிக்காமல் விட்டுவிடும் வாய்ப்பை ஒரு வரம்புக்குள் அடக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் சாரம். வெற்றி வித்தியாசம் பெரிதாக இருந்தால் கொஞ்சம் சீட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பார்த்தால் போதும். வித்தியாசம் குறையக் குறைய எடுக்க வேண்டிய சீட்டு பெருகும்.

தணிக்கை தொடங்கும் முன் ஜார்ஜியாவில் 50 லட்சம் வாக்கில் வித்தியாசம் 14,000 அளவில் நின்றது. சதவீதத்தில் சுமார் 0.3. மாதிரி எடுப்பதென்றால் லட்சக்கணக்கான சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிகளிலிருந்து தேடி உருவ வேண்டும். அதைவிட எல்லாவற்றையும் எண்ணிவிடுவது சுலபம். நவம்பர் 11 அன்று, தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர் முழுக் கைத்தணிக்கையை அறிவித்தார். 13 காலை தொடங்க வேண்டும். 18 நள்ளிரவுக்குள் முடிக்க வேண்டும்.

அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் நடுவே கிடைத்தது ஒரே ஒரு முழு நாள். ஃபுல்டன் கவுண்டி அட்லாண்டாவின் ஜார்ஜியா வேர்ல்ட் காங்கிரஸ் சென்டர் மாநாட்டு அரங்கில் மேஜை போட்டது. காப் கவுண்டி மரியெட்டாவின் ஜிம் மில்லர் பூங்கா அரங்கில். டெகால்ப், ஸ்டோன்கிரெஸ்டில் மூடிக்கிடந்த ஒரு சாம்ஸ் கிளப் கடைக் கட்டடத்தில். சின்னக் கவுண்டிகள் அலுவலகத்திலேயே ஓர் அறையை ஒதுக்கின. செய்முறைக் குறிப்பு எல்லோருக்கும் ஒன்று; தாள்களின் படிவம் ஒன்று; எண்ணிக்கையைப் பதிவேற்றிய ஆர்லோ என்ற மென்பொருளும் ஒன்று. அறைகள் மட்டும் 159 விதம்.

ஒரு மேஜையில்

இருவர் சேர்ந்தது ஒரு தணிக்கைக் குழு. சீல் வைத்த பெட்டி வருகிறது. எந்தப் பெட்டி, எப்போது வெளியே வந்தது, எந்த மேஜைக்குப் போனது, எப்போது திரும்பியது என்பதெல்லாம் பதிவாகிறது. சீலைச் சரிபார்த்து உடைக்கிறார்கள். முதலாமவர் ஒரு சீட்டை எடுத்து அதிபர் பதவிக்கான தேர்வை உரக்கப் படிக்கிறார், அடுத்தவரிடம் கொடுக்கிறார். அவர் தன் கண்ணால் பார்த்து, அந்தப் பெயருக்கான அடுக்கில் வைக்கிறார்.

எத்தனை அடுக்கு? ட்ரம்ப், பைடன், லிபர்டேரியன் கட்சியின் ஜோ ஜோர்கன்சன் என மூன்று. அதிபர் போட்டியில் யாருக்கும் குறிக்காத சீட்டுகளுக்கு ஒன்று. ஒருவருக்கு மேல் குறித்தவற்றுக்கு ஒன்று. இவற்றைத் தவிர மேஜையில் தீர்க்கக்கூடாத சீட்டுகள் இருக்கின்றன: பட்டியலில் இல்லாத பெயரைக் கையால் எழுதியவை, எந்திரம் வாங்காத சீட்டைப் பார்த்து மறுபடி எழுதிய படிகள், என்ன குறித்திருக்கிறார் என்று முடிவு செய்ய முடியாதவை. இவை தனியே போய், கட்சிப் பிரதிநிதிகள் உட்காரும் வாக்குச் சீராய்வுக் குழுவின் மேஜையை அடைய வேண்டும். ஆக, மடக்கு மேஜை ஒன்றின் மேல் ஒரு சீட்டு போய் விழக்கூடிய இடங்கள் எட்டு.

எட்டு இடத்துக்கும் அட்டை வேண்டும் என்பது யாருக்கும் தோன்றும். அந்த அட்டையை மேஜையில் படுக்க வைத்தால் என்ன ஆகும்? முதல் சீட்டு அதன் மேல் விழுந்ததுமே எழுத்து மறைந்துவிடும். அதன் பிறகு அந்த அடுக்கு யாருடையது என்பது அந்த இருவரின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. எதிரே நிற்கும் கட்சிக்காரருக்குத் தெரிவது பெயரில்லாத காகிதக் குவியல்கள். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு ஒருவர் மாறி இன்னொருவர் உட்கார்ந்தால் அவர் பாடும் அதே பாடுதான். அட்டை நிற்க வேண்டும், அடுக்குக்குப் பின்னால், இரண்டு பக்கமும் எழுத்தோடு: ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு, மறுபக்கம் நிற்பவருக்கு. மளிகைக் கடையில் அரிசி மூட்டையில் விலை அட்டையைச் செருகி வைக்கும் எவருக்கும் தெரிந்த சங்கதி இது. மாநிலக் குறிப்பேடு எழுதுபவர்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அட்டைகள் எல்லா மேஜையிலும் ஒரே வரிசையில் இருப்பதும் அதே அளவுக்கு முக்கியம். ஒரு மேஜையில் இடக்கோடியில் பைடன், அடுத்த மேஜையில் இடக்கோடியில் ட்ரம்ப் என்றிருந்தால், பத்து மேஜைகளைச் சுற்றிவரும் பார்வையாளர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்க வேண்டும். வரிசை ஒன்றாக இருந்தால் தப்பான அடுக்கில் விழும் சீட்டு கண்ணில் உறுத்தும்.

இப்படிப் பிரித்து அடுக்கி எண்ணுவதில் தவறு வரும் என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். ரைஸ், கிளெம்சன் பல்கலைக்கழகங்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, கையால் எண்ணும்போது பிழை 2 சதவீதம் வரை போகலாம் என்றது. அந்த மேல் வரம்பு பிரித்து அடுக்கும் முறைக்கே உரியது, ஒவ்வொன்றாகப் படித்துக் கோடிடும் முறையில் பிழை வெகுவாகக் குறைந்தது. ஜார்ஜியா பிரித்து அடுக்கும் முறையைத்தான் எடுத்துக்கொண்டது; வேகம் தேவைப்பட்டது. ஆனாலும் மாநிலம் வெளியிட்ட கணக்கில் மொத்த வாக்கில் வேறுபாடு 0.1053 சதவீதம், வெற்றி வித்தியாசத்தில் 0.0099 சதவீதம். உரக்கப் படித்து இன்னொரு கண்ணால் உறுதி செய்ததற்கு இதில் பெரும் பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு. அட்டைகளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

கயிற்றுக்கு வெளியே

விதிப்படி கட்சிகளுக்குப் பத்து குழுக்களுக்கு ஒரு பார்வையாளர். அவர் மேஜைகளுக்கு நடுவே நடமாடலாம், சீட்டைத் தொடக்கூடாது. பொதுமக்களும் செய்தியாளர்களும் கயிறு கட்டிய பகுதிக்குள் நிற்க வேண்டும். இவர்களைத் தவிர, உலகெங்கும் தேர்தல் பார்த்துப் பழகிய கார்ட்டர் மையம் தன் சொந்த மாநிலத்திலேயே இந்தத் தணிக்கைக்கு 52 பார்வையாளர்களை 25 கவுண்டிகளுக்கு அனுப்பியது.

பத்துக்கு ஒருவர் போதாது என்று குடியரசுக் கட்சி புகார் செய்தது. எண்ணிக்கை போதுமா என்பது ஒரு கேள்வி. ஆனால் எத்தனை பேரை விட்டாலும், அவர்கள் கண்ணில் என்ன படுகிறது என்பதுதான் அடிப்படைக் கேள்வி. கொரோனா காலம், முகக்கவசம், ஆறடி இடைவெளி. மாநாட்டு அரங்கில் நூறு மேஜைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் பெயர்களை உரக்கப் படித்தால் கயிற்றோரம் நிற்பவர் காதில் விழுவது இரைச்சல்தான். ‘உரக்கப் படிக்கிறோம்’ என்ற பாதுகாப்பு மேஜையைச் சுற்றி நாலடிக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பவருக்குக் கண் மட்டுமே துணை.

பலகை எழுதுபவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. நூறடி அரங்கின் மறுகோடியில் இருக்கும் மேஜையின் எண் தெரிய வேண்டுமானால் அது பத்து அங்குலம் இருக்க வேண்டும். சாதாரண ஏ4 தாளை அகலவாக்கில் வைத்து முழுக்க நிரப்பி ஒரே எண்ணை அச்சிட்டாலும் ஆறு, ஏழு அங்குலம்தான் வரும். அறுபது எழுபது அடிவரை தாங்கும். அதையும் மேஜை விளிம்பில் ஒட்டினால், முன்னால் ஒருவர் வந்து நின்றதும் காணாமல் போய்விடும். கம்பத்தில், தலைக்கு மேலே இருக்க வேண்டும்.

மேஜை எண்ணுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள், தணிக்கைக்குப் பின் நீதிமன்றத்தில் நடந்ததைப் பார்க்கலாம். வழக்கறிஞர் லின் வுட் தொடுத்த வழக்கில், சரியாகப் பார்க்க விடவில்லை, பார்த்ததில் சந்தேகம் இருந்தது என்று பார்வையாளர்கள் சிலர் வாக்குமூலம் கொடுத்தார்கள். நவம்பர் 19 அன்று கூட்டாட்சி நீதிபதி ஸ்டீவன் கிரிம்பெர்க், முடிவுக்குச் சான்றளிக்கத் தடை கேட்ட கோரிக்கையை நிராகரித்தார். வழக்கின் தகுதி ஒருபுறம் இருக்கட்டும். இப்படி ஒரு வாக்குமூலத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் மூன்று விவரம் வேண்டும்: மேஜை எண், நேரம், கட்டின் பெயர். மூன்றும் இருந்தால் அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரத்தில் உண்மை பொய்யைச் சொல்லிவிடலாம். ‘அந்த ஓரத்தில் ஒரு மேஜை’ என்று தொடங்கும் புகாரை யாராலும் நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது. தேர்தல் அதிகாரிக்கு அதைவிடத் தலைவலி வேறில்லை.

பெட்டிமேல் ஒட்டிய சீட்டு

அறையில் தொங்கும் பலகையைவிடப் பெட்டியில் ஒட்டிய சீட்டுக்கும் தாளின் தலைப்புக்கும்தான் வேலை அதிகம். அங்கேதான் சறுக்கலும் அதிகம்.

முதலில் நன்மை. ஃபிளாய்ட் கவுண்டியில் 2,600 சீட்டுகள் எந்திரத்தில் ஏறாமலே இருந்தது தணிக்கையில்தான் வெளிப்பட்டது. ஃபேயட் கவுண்டியில் 2,755 வாக்குகள் கொண்ட எந்திர நினைவட்டை (மெமரி கார்டு) ஒன்று கணக்கில் சேராமல் இருந்தது. வால்டனில் 284, டக்ளஸில் 293. எந்தப் பெட்டியில் எத்தனை என்று பட்டியலிட்டு, கையில் இருப்பதோடு ஒப்பிடும் வேலை நடந்ததால் இவை சிக்கின. ஃபிளாய்ட் தேர்தல் அலுவலர் பதவி விலக வேண்டும் என்று மாநிலச் செயலரே கேட்கும் அளவுக்கு அது போனது. வித்தியாசம் சான்றிதழில் 12,670 ஆகவும், பின்னர் எந்திர மறுஎண்ணிக்கையில் 11,779 ஆகவும் வந்தது. கைத்தணிக்கை சொன்ன வித்தியாசம் 12,284. வென்றவர் எல்லாக் கணக்கிலும் ஒருவரே.

அடுத்து டெகால்ப் தாள். 10,707 என்ற எண்ணைக் கணினியில் ஏற்றும் மேஜையிலேயே தடுத்திருக்க முடியும். அந்தக் கட்டில் சுமார் 1,100 சீட்டு என்ற விவரம் அங்கே இருப்பவரின் கண்ணெதிரே இருந்தாலே போதும். இதில் ஒரு நுணுக்கம். அந்த எண்ணை எண்ணும் மேஜைக்கு அனுப்பும் பெட்டியின் மேல் எழுதக்கூடாது. எழுதினால், எண்ணுபவர்கள் அதே எண் வரும்வரை திரும்பத் திரும்ப எண்ணுவார்கள், அல்லது வந்ததாக எழுதிவிடுவார்கள். பெட்டி புறப்படும், திரும்பும் மேஜையில் மட்டும் அது இருக்க வேண்டும். எந்த விவரம் யார் கண்ணில் படக்கூடாது என்பதும் லேபிள் வடிவமைப்பில் சேர்த்திதான்.

ஃபுல்டனில் நடந்தது வேறு கதை. மாநிலம் தணிக்கையின் தாள்களையும் கட்டுவாரியான எண்களையும் இணையத்தில் போட்டிருந்தது. ஒரு குடிமகன் வீட்டில் உட்கார்ந்து ஃபுல்டனின் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரே கட்டு இரண்டு முறை ஏறியிருப்பதையும், தாளில் இருப்பது ஒன்றும் பதிவில் இருப்பது இன்னொன்றுமாக இருப்பதையும் குறித்துக்கொண்டே வந்தார். அவர் கொடுத்த பட்டியலை ஆளுநர் பிரையன் கெம்ப் தன் அலுவலகத்தை வைத்துச் சரிபார்த்து, 36 முரண்பாடுகள் இருப்பதாக 2021 நவம்பரில் மாநிலத் தேர்தல் வாரியத்துக்கு எழுதினார். பொதுப் பார்வையில் உள்ள இந்தத் தரவு அலட்சியமாக இருக்கிறது, நம்பிக்கை தருவதாக இல்லை என்பது அவர் கடிதத்தின் தொனி. கெம்பும் குடியரசுக் கட்சிக்காரர், மாநிலச் செயலரும் அதே கட்சி என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விசாரணையில் இவை பதிவு செய்யும்போது நேர்ந்த மனிதத் தவறுகள், தேர்தல் முடிவை மாற்றக்கூடியவை அல்ல என்று தெரிந்தது.

கல்யாண வீட்டு மொய் நோட்டில் ஒருவர் ‘முருகேசன், மேலத்தெரு’ என்று எழுத, பக்கத்தில் இருப்பவர் ‘மு. மாமா’ என்று அதே ஆளை இன்னொரு முறை எழுதினால், கூட்டும்போது இரண்டும் சேர்ந்துவிடும். ஃபுல்டன் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான். கட்டின் பெயரைக் கையால் எழுதும்வரை இதைத் தடுக்க முடியாது. பெயரைச் சுருக்கி எழுதுவார்கள், எண்ணை முன்பின் மாற்றுவார்கள், ஒரு கோட்டை விடுவார்கள். கணினிக்கு ஒவ்வொன்றும் புதுக் கட்டு. இருப்புப் பட்டியலிலிருந்தே லேபிளை அச்சிட்டு, ஒன்றைப் பெட்டியிலும் அதன் இணையை எண்ணிக்கைத் தாளிலும் ஒட்டியிருந்தால் இந்த 36-ல் பெரும்பகுதி எழுந்தே இருக்காது என்று நினைக்கிறேன். தணிக்கை அரங்கில் எவ்வளவு நேர்த்தியாகப் பலகை தொங்கினாலும், தாளின் தலைப்பில் அது இறங்கவில்லை என்றால் ஓராண்டு கழித்துப் படிப்பவருக்குப் பயனில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாள்களை இணையத்தில் போடாமல் இருந்திருந்தால் இந்தத் தலைகுனிவு ஃபுல்டனுக்கு வந்திருக்காது. போட்டது சரி.

வண்ணம் மட்டும் போதாது: மாரிகோபா

ஜார்ஜியாவுக்கு அடுத்த ஆண்டு அரிசோனாவில் நடந்ததை இங்கே ஒப்பிட்டே ஆக வேண்டும். மாரிகோபா கவுண்டியின் சுமார் 21 லட்சம் சீட்டுகளை மாநில செனட்டின் குடியரசுக் கட்சியினர் கையகப்படுத்தி, சைபர் நிஞ்சாஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். ஃபீனிக்ஸ் நகரின் வெட்டரன்ஸ் மெமோரியல் கொலோசியத்தில் 2021 ஏப்ரல் 23 அன்று எண்ணத் தொடங்கினார்கள். பார்ப்பதற்கு ஜார்ஜியாவைவிட இது ஒழுங்கு. மேஜைகள் வண்ணவாரியாக, எண்ணுபவர்களுக்கு அதே வண்ணச் சட்டை. சீட்டு சுழல் தட்டில் சுற்றும்; மூன்று பேர் தனித்தனியே குறிப்பார்கள். அரிசோனா மாநிலச் செயலரின் நிபுணர் பார்வையாளர்களுக்கு இளஞ்சிவப்புச் சட்டை போட்டுவிட்டார்கள். யார் எங்கே நிற்கிறார் என்பது நேரலைக் கேமராவில்கூடத் தெரியும்.

ஆனால் அந்த வண்ணங்கள் ஆளைத்தான் அடையாளம் காட்டின, சீட்டை அல்ல. இந்தச் சீட்டு எந்தக் கட்டிலிருந்து வந்தது, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கருத்து வேறுபாடு வந்தால் எங்கே போகும் என்பதை வண்ணம் சொல்லவில்லை. செய்முறை நடுவழியில் மாறிக்கொண்டே இருந்தது என்று மாநிலச் செயலர் அலுவலகம் குறை சொன்னது. செய்முறை மாறினால் பலகையும் மாற வேண்டும். சட்டையை எப்படி மாற்றுவது?

முதல் நாளிலேயே பேனா விவகாரம். வாக்கெண்ணும் எந்திரங்கள் நீல மையையும் கறுப்பு மையையும் படிக்கும் என்பதால், சீட்டு இருக்கும் மேஜையில் சிவப்புப் பேனா மட்டுமே இருக்கலாம் என்பது அரிசோனாவின் விதி. எண்ணுபவர்கள் கையில் நீலப் பேனா இருப்பதைப் பார்வையாளராக உள்ளே போயிருந்த ஒரு செய்தியாளர் கவனித்துச் சொன்னார். பேனாக்கள் மாற்றப்பட்டன. நுழைவாயிலில் ‘சிவப்புப் பேனா மட்டும்’ என்று ஒரு பலகையும், பேனாவைப் போட்டுவிட்டுப் போக ஒரு டப்பாவும் வைத்திருந்தால் முடிந்துபோகும் விஷயம் உலகச் செய்தியானது. செப்டம்பர் 24 அன்று வெளியான அவர்களின் அறிக்கையில் பைடனுக்கு 99 வாக்கு கூடியது, ட்ரம்புக்கு 261 குறைந்தது.

வண்ணத்தை நம்புவதில் வேறொரு சங்கடமும் இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. அமெரிக்காவில் சிவப்பும் நீலமும் கட்சி நிறங்கள் வேறு. நீல மேஜை என்றாலே ஒரு தரப்பு முறைக்கும். எண்ணும் எழுத்தும் முதலில், வண்ணம் அதற்குத் துணையாக என்ற வரிசைதான் சரி.

நம் ஊர் எண்ணும் அறையில்

இந்தியாவில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து வாக்குச்சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை (வாக்கு யாருக்கு விழுந்தது என்று அச்சாகும் சீட்டுகள்) எண்ணிப் பார்க்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இதுவும் தணிக்கைதான். இதற்கான தேர்தல் ஆணையத்தின் குறிப்புகளில் பலகை விஷயம் எதிர்பாராத அளவுக்கு நுணுக்கமாக இருக்கிறது. எந்த ஐந்து சாவடி என்று குலுக்கல் எடுக்க வெள்ளை நிற அட்டைகள், தபால் அட்டை அளவில். சாவடி எண் கறுப்பு மையில், குறைந்தது ஓர் அங்குல உயரத்தில். மடித்துப் போடுவதற்கு முன் ஒவ்வோர் அட்டையையும் முகவர்களுக்குக் காட்ட வேண்டும். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு இங்கே தானாகவே பொருந்துகிறது. அந்த மேஜையைச் சுற்றி நிற்கும் முகவர்கள் அவ்வளவு தூரத்தில்தான் இருப்பார்கள்.

எண்ணுவதற்கு வங்கிக் காசாளர் கூண்டு போலக் கம்பி வலை அடித்த ஒரு தடுப்பு. உள்ளே வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அறையாகப் பிரித்த பெட்டி. ஒவ்வோர் அறைக்கும் பெயரும் சின்னமும். படிக்கத் தெரியாத முகவரும் உதயசூரியன் அறையில் இரட்டை இலை விழுந்தால் சத்தம் போடலாம். மாதிரி வாக்குப்பதிவில் வந்த சீட்டுகள் உண்மைச் சீட்டோடு கலந்துவிடாமல் இருக்க முதுகில் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட வேண்டும் என்ற விதியும் இதே வகைதான். அரங்கில் வேட்பாளர் பெயர்களோடு கரும்பலகை, ஒவ்வொரு சுற்றின் எண்ணையும் எழுத.

ஐந்து சாவடி போதுமா என்ற வாதம் தனி. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நூறு சதவீதக் கோரிக்கையை ஏற்கவில்லை. அறை ஏற்பாட்டைப் பொறுத்தவரை ஜார்ஜியாவின் இரண்டு நாள் அவசரத்தைவிட நம் குறிப்பேடு முதிர்ச்சியானது. முகவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் எல்லோரையும் சந்தேகிப்பார்கள் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட எழுத்து அது.

பலகையால் முடியாதது

அமெரிக்காவில் 2007-லேயே தேர்தல் உதவி ஆணையம் வாக்குச்சீட்டு வடிவமைப்புக்கும் வாக்குச்சாவடிப் பலகைகளுக்கும் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன் கவனம் முழுக்க வாக்காளர் மேல். வாக்காளரைப் பலகை எந்த அளவுக்கு அசைக்கும் என்பதைச் சோதித்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர். 241 பேரை வைத்து ஒரு மாதிரித் தேர்தல் நடத்தி, எந்திரம் அச்சிட்ட சீட்டில் வேண்டுமென்றே ஒரு தேர்வை மாற்றிக் கொடுத்தார்கள். சீட்டைத் திருப்பியாவது பார்த்தவர்கள் 40 சதவீதம். ஏதும் சொல்லித் தராத நிலையில் தவறைச் சொன்னவர்கள் 6.6 சதவீதம். சீட்டைச் சரிபாருங்கள் என்று பலகை வைத்துப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சீட்டை ஸ்கேனரில் போடும் முன் அலுவலர் வாய்திறந்து சொன்னபோதுதான் எண் ஏறியது. 2020-ல் வெளியான ஆய்வு இது.

ஜார்ஜியா தணிக்கையின் மேல் ஸ்டார்க்கே வைத்த விமர்சனமும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. எந்திரம் அச்சிட்ட சீட்டு வாக்காளர் நினைத்ததைத்தான் சொல்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லாதபோது, அதைக் கையால் எண்ணுவதைத் தன் முறைப்படியான தணிக்கை என்று அழைக்கக்கூடாது என்றார். எண்ணும் அறையில் எந்தப் பலகையை மாட்டியும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. மேஜைக்கு வரும்முன்பே நடந்துவிட்ட விஷயம் அது.

சந்தேகத்தோடு வருபவர் பலகையைத் தேடிப் படிக்கிறார். வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக நிற்பவர் படிப்பதில்லை. அதனால்தான் தணிக்கை அரங்கில் செலவழிக்கும் ஓர் அட்டை வாக்குச்சாவடியில் செலவழிக்கும் பத்து அட்டைகளைவிட அதிகம் வேலை செய்யும் என்கிறேன்.

ஜார்ஜியாவின் அச்சுச்சீட்டில் எந்திரம் படிக்க ஒரு க்யூஆர் குறியும், மனிதர் படிக்க எழுத்தும் இருந்தன. 2020-ல் எந்திரம் எண்ணியது குறியை; தணிக்கைக் குழுக்கள் படித்தது எழுத்தை. 2026 ஜூலை 1-க்குப் பிறகு க்யூஆர் குறியை வைத்து வாக்கெண்ணக்கூடாது என்று 2024-ல் மாநிலம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டப்படி எந்திரமும் வாக்காளரும் தணிக்கையாளரும் ஒரே எழுத்தைத்தான் படித்தாக வேண்டும்.